நாற்பது நிமிஷக் கணக்கு

2013, மார்ச் கடைசி வாரம். ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் கடைசி என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "ஏம்ப்பா, பாங்க் ரீகன்சிலியேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு அவர் முகத்துக்கு நேராக மூன்று தடவை சப்புக் கொட்டினேன். சட்டையின் இரண்டாவது பட்டனைக் கழற்றினேன். போட்டேன். மறுபடி கழற்றினேன்.

இதெல்லாம் பிற்பாடு மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது. என் ஞாபகத்தில் மேனேஜர் "ரீகன்..." என்று ஆரம்பித்தது வரைதான் இருக்கிறது. அடுத்த காட்சியில் என்னைச் சுற்றி ஆறு பேர். ஒருத்தர் கையில் சோடா. டைப்பிஸ்ட் அம்மாள் விபூதியோடு நிற்கிறார். மேனேஜர் மட்டும் தள்ளி நின்று, "வேலை ஜாஸ்தின்னா வாயைத் திறந்து சொல்லணும். இப்படி சப்புக் கொட்டக் கூடாது" என்றார்.

உண்மையில் இது எனக்கு ரொம்ப நாள் சமாசாரம். 2002-ல், எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்தது. திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். பொருட்காட்சி ராட்டினத்தில் கீழே வரும்போது ஒன்று தோன்றுமே, அதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. கூடவே பால் தீய்ந்த வாசனை. அப்புறம், 'இது ஏற்கெனவே நடந்திருக்கிறது' என்கிற அசைக்க முடியாத நம்பிக்கை. இதே வெயில், இதே பெஞ்சு, இதே வாத்தியார், இதே திட்டு. (வாத்தியார் விஷயத்தில் அது தினமுமே நடந்ததால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.)

"பால் தீயுதும்மா" என்பேன். அம்மா அடுப்படிக்கு ஓடுவாள். அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டாள்.

'நடந்தது மாதிரி இருக்கு' என்று நான் சொன்னதை, 'நடக்கப் போவது தெரிகிறது' என்று எடுத்துக்கொண்ட என் மாமா ஒருவர் லாட்டரிக்கு நம்பர் கேட்டார். சொன்னேன். விழவில்லை. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியையே தடை செய்துவிட்டார்கள். அத்தோடு என் தீர்க்கதரிசன உத்தியோகமும் போயிற்று.

மேனேஜர் சம்பவத்துக்குப் பிறகுதான் சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். கூட அம்மா. டாக்டர் வயிறு, வாசனை, பட்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, என்னிடம் இல்லை, அம்மாவிடம் கேட்டார்: "சின்ன வயசுல காய்ச்சல் வந்து வலிப்பு வந்ததுண்டாம்மா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒண்ணரை வயசுல ஒரு தடவை. நாப்பது நிமிஷம்" என்றாள்.

'ரொம்ப நேரம்' என்று சொல்லவில்லை. 'அரை மணி இருக்கும்' என்று சொல்லவில்லை. நாப்பது நிமிஷம்! எனக்கு அது வரைக்கும் இந்த விஷயமே தெரியாது.

டாக்டர் சொன்ன பெயர் டெம்பொரல் லோப் எபிலெப்ஸி. காக்காய் வலிப்பு வகையறாதான். என்னால் நம்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா வலிப்பு. ஆள் கீழே விழ வேண்டும், நுரை தள்ள வேண்டும், யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டும். சப்புக் கொட்டினால் வலிப்பா? ஆமாமாம், மூளையில் நெற்றிப்பொட்டுக்கு உட்பக்கம் இருக்கிற பகுதியில் மின்சாரம் தாறுமாறாகக் கிளம்பினால் அப்படித்தான் என்றார். வயிறு ஏறுவது, வாசனை, 'ஏற்கெனவே பார்த்தேன்' எல்லாம் அதனுடைய ஆரம்பம். அது பரவினால் நினைவு தப்பும். வாயும் கையும் மட்டும் தாமாக வேலை செய்யும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். பயாலஜியைப் பத்தாவதோடு கும்பிட்டுவிட்டு வந்தவன். ஆனாலும் நம் தலை என்று வந்தால் படிக்கத்தானே வேண்டியிருக்கிறது.

லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்று ஒரு டாக்டர். அவருடைய பேஷண்ட் ஒருத்தரும் டாக்டர்தான். 1888-ல் ஜாக்ஸன் எழுதிய கட்டுரையில் அவருக்கு 'இஸட்' என்று பெயர். இந்த இஸட், ஒரு நோயாளியின் நெஞ்சைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது என்னை மாதிரியே வந்துவிட்டது. தெளிந்து பார்த்தால், இடது நுரையீரலின் அடியில் நிமோனியா என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியது துளிக்கூட ஞாபகமில்லை. பதறிப்போய் மறுபடி சோதித்திருக்கிறார். டயக்னாஸிஸ் கரெக்ட்! அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது டெம்பொரல் லோபின் உட்புறத்தில் சின்னதாக ஒரு பழுது இருந்தது. அவருக்கு நினைவில்லாமலே நிமோனியா கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு நினைவோடு இருக்கும்போதே ரீகன்சிலியேஷன் டேலி ஆவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, டாக்டர் பேனாவால் காட்டினார். "இதுதான் ஹிப்போகேம்பஸ்." கிரேக்க பாஷையில் கடல் குதிரை என்று அர்த்தம். 1587-ல் இத்தாலியில் அரான்ஸி என்ற உடற்கூற்று நிபுணர், பார்க்க அப்படி இருக்கிறதே என்று வைத்த பெயர். ஆளுக்கு இரண்டு குதிரை, பக்கத்துக்கு ஒன்று. அன்றாடம் நடப்பதைப் பேரேட்டில் பதிகிற குமாஸ்தா வேலை இவற்றுக்கு. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலாய்ஸன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்திலும் இந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் வருகிறவர்களிடம் தினமும் புதிதாக அறிமுகம்.

என் படத்தில் இடது குதிரை கொழுகொழுவென்று இருந்தது. வலது குதிரை இளைத்து, வெளுத்துக் கிடந்தது. அதில் நரம்பு செல்கள் செத்துப்போய், அந்த இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். செல்கள் செத்ததோடு கதை முடியவில்லையாம். மிச்சம் இருக்கிறவை, வழக்கமாகப் பேசுகிற ஆட்கள் போய்விட்டதால், தங்களுக்குள்ளேயே புதிதாக ஒயர் இழுத்துக்கொள்கின்றன. திருட்டுக் கனெக்‌ஷன். இது சாவகாசமாக, வருஷக்கணக்கில் நடக்கும். அதனால்தான் ஒன்றரை வயசில் காய்ச்சல், பதின்மூன்று வயசில் பால் தீய்ந்த வாசனை. நடுவில் பதினொன்றரை வருஷம் நான் சமர்த்தாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

அம்மா கேட்டாள்: "அந்தக் காய்ச்சல்தானா டாக்டர்?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். அம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் நான் நிறையப் படித்துத் தொலைத்தேன். லண்டனில் மர்ரே ஃபால்கனர் என்ற சர்ஜன் 1950-களிலிருந்து இந்த மாதிரி கேஸ்களில் டெம்பொரல் லோபை ஒரே துண்டாக எடுத்து, முழுசாகப் பரிசோதனைக்குக் கொடுத்தார். தழும்பு விழுந்த குதிரைக்காரர்களைத் தோண்டித் துருவிக் கேட்டால், பலருக்கும் குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் நீண்ட நேரம் வலிப்பு வந்திருக்கிறது. ஆகவே காய்ச்சல் வலிப்புதான் குற்றவாளி! கேஸ் முடிந்தது என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

ஆனால் கடன் கட்டாதவர்கள் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தால் அதில் இருக்கிற அத்தனை பேரும் கடன் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். அதற்காகக் கடன் வாங்கினவன் எல்லாம் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவானா? கணக்கை இந்தப் பக்கத்திலிருந்து போட வேண்டும். அதை அமெரிக்காவில் போட்டார்கள். காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயசு வரை விடாமல் கவனித்து, நெல்ஸன், எலன்பெர்க் என்ற இரண்டு பேர் 1976-ல் முடிவைச் சொன்னார்கள். அதில் எபிலெப்ஸி வந்தது சுமார் 2 சதவிகிதம். நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது. ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசு வரை இதற்குக் காலம். பெரும்பாலும் சில நிமிஷத்தில் நின்று, சுவடு தெரியாமல் போய்விடுகிறது. உங்களுக்கே வந்திருக்கலாம். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாடா என்று அதை அம்மாவிடம் ஒப்பிக்கத் தயாரானேன். அதற்குள் அடுத்த கட்டுரை கண்ணில் பட்டது. 2003-ல் ஆரம்பித்த ஃபெப்ஸ்டாட் என்ற ஆராய்ச்சி. இவர்கள் எடுத்துக்கொண்டது, அரை மணியோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த குழந்தைகளை மட்டும். இருநூற்றுச் சொச்சம் பேர். சில நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்தால், ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குக் கடல் குதிரை வீங்கியிருக்கிறது. ஒரு வருஷம் கழித்து அந்தக் குழந்தைகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது சுருங்கித் தழும்பாகியிருந்தது. நாற்பது நிமிஷம் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருந்தது. அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் குதிரை பிறவியிலேயே கொஞ்சம் திருகினாற்போல அமைந்திருக்கிறது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளைவிட இவர்களிடம் அது அதிகம். அப்படியென்றால் வலிப்பு நீண்டதால் குதிரை கெட்டதா, குதிரை முதலிலேயே சரியில்லாததால் வலிப்பு நீண்டதா? பரம்பரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1990-ல் எனக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் யாரும் இல்லை. ஓப்பனிங் பாலன்ஸ் தெரியாமல் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாத்திரை தோற்றது; இரண்டாவது ஜெயித்தது. இரண்டும் தோற்றிருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். ஒரு பக்கத்தில் மட்டும், ஏகப்பட்ட சோதனைகளுக்கு அப்புறம். 2001-ல் கனடாவில் 80 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், ஆபரேஷன் பக்கம் 58 சதவிகிதம் பேருக்கு ஒரு வருஷம் கழித்து நினைவு தப்புகிற வலிப்பு இல்லை. மாத்திரை பக்கம் 8 சதவிகிதம்தான். வலிப்புக்கு ஆபரேஷன் என்பது நமக்குப் புதுசும் இல்லை. 1952-லேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவில் 1995-லிருந்து இந்த டெம்பொரல் லோப் ஆபரேஷன் நடக்கிறது.

அடுத்தது கல்யாணம். 1999 வரைக்கும் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருகிறவர் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி இல்லாதவர் என்று இருந்தது. அந்த வருஷம்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். என் அத்தைமார்களிடமிருந்து எடுக்கவில்லை. "சொல்லாதே, மாத்திரை சாப்பிடறே, நின்னுடுச்சு, அப்புறம் என்ன?" என்றாள் அம்மா. 2018-ல் பெண் பார்க்கப் போன இடத்தில், தனியாகப் பேச விட்ட ஐந்து நிமிஷத்தில் நானே சொல்லிவிட்டேன். கையில் பஜ்ஜி இருந்தது ஒரு தைரியம்.

அவள் எல்லாம் கேட்டுக்கொண்டு, "அப்ப நீங்க வண்டி ஓட்டக் கூடாதா?" என்றாள்.

"லைசென்ஸ் ஃபாரத்துலயே கேட்பாங்க. நான் எடுக்கலை."

"பரவாயில்லை. நான் ஓட்டறேன்."

அன்றிலிருந்து நான் ஸ்கூட்டியில் பின் சீட். சிக்னலில் நிற்கிற இளைஞர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

2021-ல் பெண் குழந்தை பிறந்தது. 2023 நவம்பரில், நல்ல மழை நாளில், அவளுக்குச் சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மனைவி கத்தினாள்: "ஏங்க! பாப்பாவைப் பாருங்க!"

கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாரித்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒப்பிக்கத் தெரியும். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. பத்து வருஷம் படித்த நான், நட்ட நடு ஹாலில் நின்றுகொண்டு, "சாவி எங்கே? சாவியைக் குடு!" என்று கத்தினேன்.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தது என் மனைவி. அம்மா எங்கே என்று பார்த்தால், சுவர்க் கடிகாரத்துக்கு அடியில் நிற்கிறாள். வழக்கமாக அவள் கூப்பிடுகிற சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஒரு நிமிஷம் ஆச்சு... ஒண்ணரை..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "ரெண்டு" என்னும்போது குழந்தை தளர்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, அழுதது.

ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் இல்லை, தொண்டையில்தான் தொற்று என்று பார்த்து உறுதி செய்தார்கள். இது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, ஸ்கேன் வேண்டாம், தினசரி மாத்திரை வேண்டாம் என்றார் டியூட்டி டாக்டர். அப்பாவுக்கு வந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்பவும் வரலாம். பாராசிட்டமால் உடம்புச் சூட்டைக் குறைக்குமே தவிர வலிப்பைத் தடுக்காது என்றும் சொன்னார். ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்க மிடஸோலாம் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மழை விடவில்லை.

"அன்னிக்கும் இதே மாதிரி மழைதான்" என்றாள் அம்மா. "உங்கப்பா கும்பகோணம் போயிருந்தாரு. மன்னார்குடியில எட்டு மணிச் சங்கு ஊதினப்ப உனக்கு இழுக்க ஆரம்பிச்சுது. டாக்டர் ஊசி போட்டு நின்னப்ப அவர் வீட்டுக் கடிகாரத்துல எட்டு நாப்பது."

பிறகு கணக்குச் சொன்னாள். அப்பாயி வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தது அஞ்சு நிமிஷம். விபூதி பூசி, மஞ்சள் துணியில் காசு முடிந்தது அஞ்சு. டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று அம்மா அஞ்சறைப் பெட்டி, அரிசிப் பானை, சாமி உண்டியல் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடினது பத்து. எதிர்வீட்டு அண்ணனை எழுப்பி, சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் சேற்றில் போனது பதினஞ்சு.

"அந்த டாக்டர் காசே கேட்கலைடா. கடைசி வரைக்கும் கேட்கலை. நான்தான் பத்து நிமிஷம் தேடினேன்."

தொழில் புத்தி. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்துதான் வந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்ன பண்றதுன்னு தெரியாம உன்னையே பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கு இருபத்திரண்டு வயசுடா அப்ப."

சம்பந்தமே இல்லைம்மா என்று சொல்ல முடியாது. படித்திருக்கிறேன், முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். குதிரை முதலிலேயே திருகியிருக்கலாம் என்பதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் வீட்டில் ஸ்பிரே ஏது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பினாளா என்று தெரியாது. கடைசியில், "எனக்கு முப்பத்து நாலு வயசு. நான் சாவி கேட்டேனேம்மா" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அர்த்த ராத்திரியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எந்தச் சாவிடா? பீரோ சாவியா?" என்றாள். மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து மருந்துக் கடைச் சீட்டை நீட்டினார். நான் பாக்கெட்டைத் தடவினேன். லுங்கியோடு ஓடி வந்திருக்கிறேன். பர்ஸ் இல்லை, செல்போன்கூட வீட்டில். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலாக மடித்த மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு. பாப்பாவுக்கு உடம்பு சுட ஆரம்பித்த சாயங்காலமே முடிந்து வைத்தாளாம்.